கல்யாணம் முடியட்டும்

பிப்ரவரி 1, ஞாயிறு

நேற்று மதுரையில் கூட்டம். ரெஜினா மேடம் ஆளுக்கொரு டைரி கொடுத்தார். "இது ஆராய்ச்சிக்கு இல்ல, உங்களுக்கு. நாங்க யாரும் வாங்கிப் படிக்க மாட்டோம். பேசி முடிச்சதும் மனசுல நிக்கிறதை இறக்கிவைக்க ஒரு இடம் வேணும்ல" என்றார். எனக்கு மனதில் எதுவும் நிற்பதில்லை. சும்மா கிடக்கிற தாளை வீணாக்குவானேன் என்று எழுதுகிறேன்.

ஆராய்ச்சி இதுதான். புற்றுநோய் வந்து சிகிச்சை முடித்த சின்ன வயதுக்காரர்களோடு, அதே வழியில் போய்த் திரும்பிய இன்னொருவர் வாரம் ஒரு முறை போனில் பேசினால் ஏதாவது பிரயோஜனம் உண்டா? பாதிப் பேருக்குப் பேச ஆள் உண்டு, மீதிப் பேருக்கு இல்லை. வருஷக் கடைசியில் இரண்டு தரப்பையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். எனக்கு இருபது வயதில் வந்தது. நெறிக்கட்டிகளில் வருகிற வகை. இப்போது இருபத்து நாலு. அதனால் நான் பேசுகிற ஆள்.

மேடத்தின் சட்டம் மூன்று. புத்தி சொல்லக் கூடாது. பொய் சொல்லக் கூடாது. எல்லாம் சரியாயிடும் என்று மட்டும் சொல்லவே கூடாது.

"அப்புறம் என்னதான் மேடம் பேசுறது?"

"பேசாத, செண்பகம். கேளு."

கோவில்பட்டியில் எங்கள் வீட்டில் அம்மா அக்கம்பக்கத்தாரிடம் எனக்குக் கம்ப்யூட்டர் வேலை கிடைத்திருப்பதாகச் சொல்லிவிட்டாள்.

பிப்ரவரி 5, வியாழன்

எனக்கு ஒதுக்கிய பெண்ணின் பெயர் ஜெயக்கனி. விளாத்திகுளம். பதினெட்டு வயது. எலும்பில் வந்து இடது காலைத் தொடையோடு எடுத்துவிட்டார்கள். ஒரு வருஷம் படிப்பு போய், இப்போதுதான் பிளஸ் டூ எழுதப் போகிறாள்.

பயந்த பிள்ளையாக இருக்கும் என்று நினைத்தேன். எடுத்ததும் கேட்டாள்: "அக்கா, நீங்க எத்தனாவது ஸ்டேஜு?"

"ரெண்டு."

"நான் மூணு. அப்ப நான்தான் சீனியர். மரியாதையாப் பேசுங்க."

சிரித்துவிட்டேன். சட்டத்தில் சிரிக்கக் கூடாது என்று இல்லை.

பிப்ரவரி 8, ஞாயிறு

பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை பெயர் ஆவுடையப்பன். சிவகாசியில் அச்சாபீஸ் வேலை. அதிகம் பேசவில்லை. கேசரியை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். அதுவே எனக்குப் பிடித்திருந்தது.

அவருடைய அம்மா என் பின்னலைக் கையில் எடுத்துப் பார்த்து, "முடி ஏன் கொஞ்சமா இருக்கு?" என்று கேட்டார். அம்மா தயாராக இருந்தாள். "திருச்செந்தூருக்கு நேர்ந்து மொட்டை போட்டோம் மைனி. டைபாய்டு முத்திப்போய்க் கெடந்தா. முருகன்தான் குடுத்தான்."

அந்த மொட்டை நிஜம். ஆஸ்பத்திரியில் முடி கொத்துக் கொத்தாக வர ஆரம்பித்ததும் அம்மா என்னை அவசரமாகத் திருச்செந்தூருக்குக் கூட்டிப்போய் மொட்டை போட்டுவிட்டாள். ஊருக்குக் காரணம் கிடைத்தது. அப்பாவும் உட்கார்ந்து போட்டுக்கொண்டார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அப்பா பாத்திரக் கடையில் வேலை பார்க்கிறவர். நாள் முழுக்கத் தட்டுகிற சத்தத்திலேயே இருந்து, வீட்டில் வாயைத் திறப்பதில்லை.

அவர்கள் போனதும் அம்மாவிடம், இருபதாம் தேதி மதுரையில் ரிவ்யூ இருக்கிறது என்று ஞாபகப்படுத்தினேன். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஸ்கேன்.

"மாப்பிள்ளைக்கு ஒரு சித்தி அந்த ஆஸ்பத்திரி தெருவுலதான் இருக்காளாம். கண்ணுல பட்டா போச்சு. கல்யாணம் முடியட்டும். முடிஞ்சு முதல் வேலையாப் போவோம்."

நாலு வருஷம் ஒன்றுமில்லை. நாலு மாதத்தில் என்ன குடிமுழுகிவிடப் போகிறது?

பிப்ரவரி 14, சனி

போர்வை, தலையணை உறை எல்லாம் துவைத்தேன். ராத்திரி பிழிகிற மாதிரி நனைந்துவிடுகிறது. மாசி இரண்டாம் நாளிலேயே இந்தப் புழுக்கம். ஃபேனுக்கு ஆள் கூப்பிட வேண்டும்.

பிப்ரவரி 19, வியாழன்

ஜெயக்கனி அரைமணி நேரம் இயற்பியல் வாத்தியாரைத் திட்டினாள். பிறகு செயற்கைக் காலை. "ரெண்டும் ஒண்ணுதான்க்கா. எனக்குப் பொருந்தவே மாட்டேங்குது." நடுநடுவே இருமினாள். எத்தனை நாளாக என்று கேட்டேன். அதைக் கேட்கச் சொல்லி மேடம் எங்களுக்குப் பாடமே எடுத்திருக்கிறார். இருமல், எடை குறைவது, ராத்திரி வியர்வை, புதுக் கட்டி.

"பொங்கல்ல இருந்து இருக்கு. பனிதான். இந்த மாசம் ரிவ்யூ. பரீட்சை வருதுல்ல, அதான் யோசிக்கேன். நீங்க போயிட்டீங்களாக்கா?"

"இல்ல. கல்யாணம் முடிஞ்சு போறேன்."

வாய் தவறி வந்துவிட்டது. கல்யாணப் பேச்சு அவளுக்குக் கற்கண்டாகப் போயிற்று. மாப்பிள்ளை பெயர், நிறம், உயரம் எல்லாம் கேட்டாள். வைக்கும்போது சொன்னாள்: "சரிக்கா. நீங்க கல்யாணம் முடிஞ்சு, நான் பரீட்சை முடிஞ்சு. ரெண்டு பேரும் சேந்தே போவோம்."

போ என்று சொல்லியிருக்க வேண்டும். புத்தி சொல்லக் கூடாது என்ற சட்டம் நல்லவேளையாக ஞாபகத்துக்கு வந்தது.

மார்ச் 1, ஞாயிறு

நிச்சயதார்த்தம். பச்சைப் பட்டு. கழுத்து வரை மூடின ஜாக்கெட், காறை எலும்புக்குக் கீழே மருந்துக் குழாய் வைத்த தழும்பு தெரியாதபடி. பெரியம்மா பெண்கள் எல்லாம் "மெலிஞ்சு அழகாயிட்டியே, கல்யாணக் களை வந்துட்டு" என்றார்கள். வளையல் முழங்கை வரை ஏறி இறங்கியது.

வைகாசியில் கல்யாணம்.

மார்ச் 8, ஞாயிறு

கல்யாண ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்கப் போனோம். தையற்கார அக்கா கழுத்தில் டேப்பை வைத்தவர் நிறுத்திவிட்டார். "இங்கன என்னம்மா, உருண்டையா?"

"நெறி கட்டியிருக்கு. சளி" என்றாள் அம்மா. அவர் கேட்டு முடிப்பதற்கு முன்பே சொல்லிவிட்டாள்.

எனக்குச் சளி இல்லை. வரும் வழியில் காய்கறி வாங்கினோம். அம்மா கத்தரிக்காயை ஒவ்வொன்றாகப் புரட்டிச் சொத்தை பார்த்தாள். வீட்டுக்கு வந்து என் கழுத்தில் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போட்டாள். போடும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

மார்ச் 12, வியாழன்

ஜெயக்கனிக்கு இருமல் போகவில்லை. பேசும்போது மூச்சு வாங்கியது. "மாடி ஏறி வந்தியா?" என்று கேட்டேன். "எங்க வீட்டுல ஏதுக்கா மாடி?" என்றாள்.

ரிவ்யூவுக்குப் போ என்றேன். சட்டமாவது ஒன்றாவது.

"நீங்க போகல, என்னைய மட்டும் வெரட்டுதீங்க. நீங்க போங்க, நான் போறேன்."

"நான் போயிட்டேன்" என்றேன். "செவ்வாய்க்கிழமை போனேன். ஸ்கேன் எடுத்தாச்சு. சுத்தமா இருக்கு."

"நெசமாவாக்கா? நாலு வருஷம் கழிச்சும் சுத்தமாவா?" என்றாள். அழுதாளா சிரித்தாளா தெரியவில்லை. "அப்ப நானும் போறேன். திங்கக்கிழமை பரீட்சை இல்ல."

ஒரு பிள்ளையை டாக்டரிடம் அனுப்புவதற்காகச் சொன்ன பொய். இதில் என்ன தப்பு?

மார்ச் 19, வியாழன்

அவளுக்கு இரண்டு நுரையீரலிலும் இருக்கிறதாம்.

ஏப்ரல் 5, ஞாயிறு

மதுரையில் கூட்டம். பஸ்ஸில் போகும்போது முந்தானையால் முக்காடு போட்டுக்கொண்டேன், மாப்பிள்ளையின் சித்திக்காக.

மேடம் இதுவரை கிடைத்ததைப் படித்துச் சொன்னார். இந்த வயதுக்காரர்கள் சாவைப் பற்றிக் கேட்பது குறைவாம். யாரிடம் சொல்வது, எப்போது சொல்வது, சொன்னால் கட்டிக்கொள்வார்களா என்றுதான் கேட்கிறார்களாம். முக்கால்வாசி வீடுகளில் அந்த நோயின் பெயரையே யாரும் உச்சரிப்பதில்லையாம். எல்லோரும் தலையாட்டினார்கள். நானும்.

முடிந்ததும் மேடத்தை ஓரமாகக் கூப்பிட்டு, பிப்ரவரியிலேயே போயிருந்தால் ஜெயக்கனிக்குப் பிழைக்க வழி இருந்திருக்குமா என்று கேட்டேன்.

"தெரியாது, செண்பகம். போயிருக்கணும். ஆனா போயிருந்தா என்ன ஆயிருக்கும்னு யாராலயும் சொல்ல முடியாது." பிறகு என்னை உற்றுப் பார்த்தார். "நீ மெலிஞ்சிருக்க. உன் ரிவ்யூ என்னாச்சு?"

"போகணும் மேடம்."

"எப்ப?"

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று வந்துவிட்டேன். அவருக்கு என் கல்யாணப் பத்திரிகை கொடுக்கவில்லை. கொடுத்தால் வருவார். வந்தால் யார் என்று கேட்பார்கள்.

ஏப்ரல் 14, செவ்வாய்

வருஷப் பிறப்பு. வேப்பம்பூப் பச்சடி எனக்கு மட்டும் இறங்கவில்லை. ராத்திரி காய்ச்சல் மாதிரி இருந்தது, காலையில் போய்விட்டது. உடம்பெல்லாம் அரிக்கிறது. புதுச் சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை, மாற்ற வேண்டும்.

ஏப்ரல் 30, வியாழன்

ஜெயக்கனிக்கு மருந்து நிறுத்திவிட்டார்கள். வீட்டுக்குக் கூட்டிப் போகச் சொல்லிவிட்டார்கள். அவளே சொன்னாள். ஒரு வாக்கியம், ஒரு மூச்சு, ஒரு வாக்கியம் என்று சொன்னாள்.

"ரிசல்ட் வர்ற வரைக்கும் இருந்துட்டா போதும்க்கா. பிசிக்ஸ்ல என்ன போட்டிருக்கான்னு பாக்கணும்."

எல்லாம் சரியாயிடும் என்ற சொல் தொண்டை வரை வந்தது. விழுங்கினேன். அவள்தான் என்னைத் தேற்றினாள். "உங்களுக்குச் சுத்தமா இருக்குல்லக்கா. ராத்திரி தூக்கம் வரலைன்னா அதைத்தான் நெனச்சுக்கிடுதேன். அம்மாட்டயும் சொல்லியிருக்கேன், அக்காவுக்கு நாலு வருஷமா ஒண்ணுமில்லைன்னு. உங்க கல்யாணத்துக்கு ஒத்தக் காலோட வந்து சாப்பிட்டுத்தான் போவேன்."

வா என்றேன்.

நான் என்ன ஜென்மம்? பொய்யைத் திருப்பி எடுக்கவும் முடியவில்லை. அவள் கையில் இருக்கிறதே அது ஒன்றுதான்.

மே 10, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

மாப்பிள்ளை வழக்கம்போல் போன் செய்தார். மண்டப அலங்காரம் ரோஜாவா சம்பங்கியா என்று கேட்டார். நான் எல்லாவற்றையும் கொட்டினேன். டைபாய்டு இல்லை, கேன்சர். கழுத்தில் மறுபடியும் கட்டி வந்திருக்கிறது. ராத்திரி வியர்வை. எழுத்தில்கூட நான் இப்படி வரிசையாகச் சொன்னதில்லை.

அவருக்குப் பின்னால் அச்சு இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

"பத்திரிகை எல்லாம் குடுத்தாச்சு" என்றார். அப்புறம், "எங்க அம்மாட்ட சொல்லிராத" என்றார். அப்புறம் ரொம்ப மெதுவாக, ஆறுதலாகத்தான், "பயப்படாத. கல்யாணம் முடியட்டும். நானே கூட்டிட்டுப் போறேன்" என்றார்.

கெட்டவராக இருந்திருந்தால் கல்யாணமாவது நின்றிருக்கும்.

மே 17, ஞாயிறு

அம்மாவிடம் நேராகக் கேட்டேன். "ஒனக்குத் தெரியும்ல?"

அம்மா உளுந்து களைந்துகொண்டிருந்தாள். கையை எடுக்கவில்லை. "தெரியும். தையக்காரி சொல்லித்தான் தெரியணுமா? மாசியில தலைக்கு எண்ணெய் வைக்கும்போதே பாத்துட்டேன்."

"அப்புறம் ஏம்மா?"

"தாலி ஏறிட்டா ஒனக்குன்னு ஒருத்தன் இருப்பான். இப்ப மதுரைக்குப் போனா அவங்க அதுதான்னு சொல்லிட்டா, ஒன்னை எவன் கட்டுவான்? எங்களுக்குப் பொறவு ஒனக்குக் கஞ்சி ஊத்த யாரு இருக்கா?"

அவளைத் திட்ட வேண்டும் என்றுதான் போனேன். இரண்டு பேரும் உளுந்தைக் களைந்தோம்.

மே 22, வெள்ளி

பந்தக்கால் நட்டாயிற்று. எங்கள் வழக்கத்தில் அன்றைக்கே பெண்ணுக்குக் காப்புக் கட்டிவிடுவார்கள். விரலி மஞ்சள் முடிந்த கயிறு, இடது மணிக்கட்டில். இனி தாலி ஏறுகிற வரை ஊர் எல்லை தாண்டக் கூடாது, துக்க வீட்டு வாசல் மிதிக்கக் கூடாது, கயிற்றை அவிழ்க்கக் கூடாது. வியாழக்கிழமை முகூர்த்தம்.

அம்மா முடிச்சு மேல் முடிச்சாகப் போட்டாள்.

மே 23, சனி

ஜெயக்கனி நம்பரிலிருந்து போன். ஓடிப்போய் எடுத்தேன். அவள் அம்மா.

"செண்பகம் அக்காவா? நம்ம பிள்ள போயிட்டா தாயி."

பேசி முடித்துத் திரும்பினால் அம்மா நிற்கிறாள். என் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துகொண்டாள். "போகக் கூடாதுட்டி. காப்பு கட்டியிருக்கு" என்றாள். அவள் குரலும் சரியாக இல்லை.

மே 24, ஞாயிறு

விளாத்திகுளம் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

விடிவதற்குள் கிளம்பிவிட்டேன். அப்பா வாசலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். என் தோளில் பையைப் பார்த்தார். பக்கெட் நிரம்பி வழிந்தது. அவர் தடுக்கவில்லை.

வீட்டைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. வெளியே பெஞ்சு போட்டிருந்தது. சுவரில் செயற்கைக் கால் சாய்ந்து நின்றது, காலில் பள்ளிக்கூடத்து ஷூவோடு. அவளை முந்தின நாளே சுடுகாட்டுக்கு எடுத்துவிட்டார்களாம். படி ஏறப்போனேன்.

உள்ளேயிருந்து அவள் அம்மா எழுந்து வந்தார். நான் யார் என்று சொன்னதும் என் கையைத்தான் முதலில் பார்த்தார். அப்படியே வாசலை மறித்து நின்றுகொண்டார்.

"உள்ள வராத தாயி. காப்போட வரக் கூடாது. ஒனக்கு ஆகாது."

"பரவாயில்லம்மா."

"எனக்குப் பரவால்ல இல்ல. எம் பிள்ள ஒன்னைய நெனச்சுத்தான் மூச்சு விட்டா. அக்காவுக்குச் சுத்தமா இருக்கு, அக்காவுக்குச் சுத்தமா இருக்குன்னு. நீயாவது நல்லாயிருக்கணும்."

சொல்லிக்கொண்டே என் முகத்தை இரண்டு கையாலும் வழித்தார். வழித்த கை கழுத்துக்கு இறங்கி நின்றுவிட்டது. விரல் அந்த உருண்டையைச் சுற்றி வந்தது. அமுக்கிப் பார்த்தது. மூன்று வருஷம் ஆஸ்பத்திரி வராந்தாவில் கிடந்த கை அது. என் கண்ணைப் பார்த்தார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். திட்டியிருக்கலாம். ஓங்கி அறைந்திருக்கலாம். நின்று வாங்கிக்கொண்டிருப்பேன்.

"அவகிட்ட சொல்லலைல்ல?" என்று மட்டும் கேட்டார்.

"இல்ல."

"நல்லதாப் போச்சு" என்றார். பிறகு பெஞ்சில் இருந்த தன் தம்பியைக் கூப்பிட்டார். "இந்தப் பிள்ளைய மதுரை பஸ்ல ஏத்திவிட்டுட்டு வா. கோவில்பட்டி பஸ்ஸுல ஏறிரப் போறா, பக்கத்துலயே நின்னு ஏத்தி விடு."

அந்த மாமா இப்போது என் பக்கத்தில் நிற்கிறார். கோவில்பட்டி பஸ் ஒன்று வந்து போய்விட்டது. அம்மா போன் செய்தாள். "எங்கட்டி இருக்க? மாப்பிள்ளை வீட்டுல இருந்து வந்து உக்காந்திருக்காக" என்றாள். மதுரைக்குப் போகிறேன் என்றேன். "நாலு நாளு பொறுக்கக் கூடாதாட்டி, நாலு நாளு" என்று அழுதாள். நானும் அழுதேன். மாமா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

மே 25, திங்கள்

நேற்று ரெஜினா மேடம் வீட்டில் தங்கினேன். பொய் சொன்னதைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். தன் சட்டத்தைத் தானே மீறாதவர்.

காலையில் ஆஸ்பத்திரி வாசலில் அப்பா நின்றார். கையில் என் பழைய ஃபைல் பை. கல்யாண வேலைக்காகச் சவரம் செய்த முகம். அம்மா வரவில்லை. வந்தவர்களுக்குப் பதில் சொல்ல ஒரு ஆள் வேண்டுமே.

கட்டியில் ஊசி குத்திச் சோதனைக்கு எடுத்தார்கள். டாக்டர் இரண்டு முறை அமுக்கிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு நாள் என்ன பண்ணீங்க?" என்றார். அப்பாவும் நானும் தரையைப் பார்த்தோம். ஸ்கேன் எடுக்க அனுப்பினார்.

ஸ்கேனுக்கு மருந்து ஏற்ற நரம்பு தேடினாள் நர்ஸ். வலது கை நரம்புகள் போன தடவையே கருகிப்போனவை. இடது கையைத் திருப்பியவள் காப்பைப் பார்த்ததும் விட்டுவிட்டாள்.

"கல்யாணப் பொண்ணா? என்னைக்கு?"

"வியாழக்கிழமை."

"இதை நான் அவுக்க மாட்டேம்மா. எனக்கும் பொம்பளப் பிள்ள இருக்கு. கூட யாரு வந்திருக்கா?"

அப்பாவைக் கூப்பிட்டாள். அவர் செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்தார். முடிச்சில் நகத்தை வைத்துப் பார்த்தார். வியர்வையில் இறுகிப்போயிருந்தது. நர்ஸ் கத்தரிக்கோலை நீட்டினாள். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, குனிந்து பல்லால் கடித்து ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்தார். அவருடைய உதடு என் மணிக்கட்டில் பட்டது. அவிழ்ந்த கயிற்றை மஞ்சளோடு சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"அப்பா, கல்யாணம்?" என்றேன்.

"கைய நீட்டு" என்றார்.

நீட்டினேன்.